மேசைக்கணினிச் சுற்றுச்சூழலா, பணிமேடைச் சூழலா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் சனிக்கிழமைகளில் பழைய லேப்டாப்களுக்கு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறோம். போன மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அண்ணன் கழித்துப் போட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். 2 ஜி.பி. நினைவகம்தான். கையேட்டைப் பார்த்துத் தானே நிறுவி முடித்தாள். முடித்ததும் உலாவியில் மூன்று டேப் திறந்தாள்; சுட்டி அசையாமல் நின்றுவிட்டது. பார்த்தால் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் கனமான சின்னமன் பதிப்பு. அந்த இயந்திரம் தாங்காது. "எது போடணும்னு ஒரு பக்கம் இருந்ததே, படிக்கலையா?" என்றேன். "இது லேப்டாப்தானே அண்ணா? அதுல மேசைக்கணினின்னு போட்டிருந்தது. விட்டுட்டேன்" என்றாள்.

பக்கத்தின் தலைப்பு இப்படி இருந்தது: 'உங்களுக்கேற்ற மேசைக்கணினிச் சுற்றுச்சூழலைத் தேர்ந்தெடுங்கள்'. டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்பதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். அவளுக்கு அதிகம் தேவைப்பட்ட பக்கமே அதுதான். தலைப்பைப் படித்து, அதன் பொருளைச் சரியாகவே எடுத்துக்கொண்டு, தனக்கில்லை என்று தள்ளியிருக்கிறாள். தப்பு அவள்மேல் இல்லை. இந்தச் சொல்லை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். இனிமேலும் சும்மா இருக்க முடியவில்லை.

டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்பது திரையில் நாம் புழங்கும் மொத்த ஏற்பாடு. சாளரங்களை நகர்த்தும் நிரல், கீழே ஓடும் பட்டை, பட்டியல், கோப்பு மேலாளர், அமைப்புகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. அடியில் ஓடுவது அதே லினக்ஸ்தான். மேலே க்னோம் இருக்கலாம், கேடீஇ பிளாஸ்மா இருக்கலாம், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ இருக்கலாம். ஒரே தோட்டத்துத் தேயிலை சி.டி.சி. தூளாகவும் வரும், ஆர்த்தடாக்ஸ் என்ற சுருள் இலையாகவும் வரும் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியும்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. டெஸ்க் என்பது லத்தீன் 'டிஸ்கஸ்' வழி வந்தது. டிஷ், டிஸ்க் இரண்டும் அதன் உறவு. கோப்பு, உறை, குப்பைத்தொட்டி என்று அலுவலக மேசையைத் திரைக்குக் கொண்டுவந்து 1981-இல் விற்பனைக்கு வந்தது ஜெராக்ஸ் ஸ்டார் கணினி. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் உலகில் 1993-இல் காமன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட் வந்தது. 1996-இல் மத்தியாஸ் எட்ரிக் என்ற நிரலாளர் கேடீஇ-யை அறிவித்தார். அதன் அடிப்படையான க்யூட்டி என்ற நிரல் கருவித்தொகுப்பு அப்போது யாரும் மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற உரிமத்தில் இல்லை என்பதால் 1997-இல் க்னோம் தொடங்கியது.

இப்போது 'மேசைக்கணினி'க்கு வருவோம். டெஸ்க்டாப் என்ற ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு: மேசையின் மேற்பரப்பு, மேசைமேல் வைக்கும் கணினி, திரையில் தெரியும் பரப்பு. மூன்றாவது முதலாவதின் உருவகம். இரண்டாவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மொழிபெயர்த்தவர் அகராதியில் இரண்டாவதை எடுத்துவிட்டார். மடியில் வைத்தாலும் மேசையில் வைத்தாலும் க்னோம் க்னோம்தானே?

'சுற்றுச்சூழல்' இன்னும் மோசம். நீலகிரி 1986 முதல் உயிர்க்கோளக் காப்பகம். இங்கே சுற்றுச்சூழல் என்றால் சோலைக்காடு, புல்வெளி, பிளாஸ்டிக் தடை. சாலையோரப் பலகைகளில் தினமும் படிக்கிற சொல் அது. சுற்றுச்சூழலைத் தேர்ந்தெடு என்றால் ஒருவர் என்ன நினைப்பார்? என்விரான் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே 'சுற்றி' என்றுதான் பொருள். அதற்கு 'சூழ்' என்ற வேர் கச்சிதமாகப் பொருந்துகிறது. குடும்பச் சூழல், அரசியல் சூழல் என்கிறோமே, அங்கெல்லாம் 'சுற்று' இல்லையே. சூழல் போதும்.

'மேல்மேசை' என்றும் எழுதுகிறார்கள். அதையும் ஏற்க முடியவில்லை. மேல் கூடலூர் என்றால் கூடலூரின் மேற்பரப்பா? கீழ் கோத்தகிரி என்றால் கோத்தகிரிக்கு அடியிலா? தமிழில் மேல் முன்னால் வந்தால் இரண்டில் உயரத்தில் இருப்பது என்றாகிவிடும். மேல்மேசை என்றதும் கீழ்மேசை எங்கே என்று தேடத் தோன்றுகிறது. 'பணிச்சூழல்' என்றால் அலுவலக நிலைமை. அதுவும் ஆகாது.

என் தேர்வு பணிமேடை. மேசை போர்த்துகீசியச் சொல் என்பதற்காக அல்ல. ஜன்னலும் சாவியும் அலமாரியும் அந்த வழியில் வந்தவைதான். நம் வீட்டுச் சொற்கள் ஆகிவிட்டன. தூய்மை என் கவலை இல்லை, தெளிவுதான். மேசை என்று தொடங்கினால் கை தானாக மேசைக்கணினிக்குப் போய்விடுகிறது. மேடை என்றால் போகாது. நாம் வேலை செய்யும் சமதளம், நிரல்கள் வந்து நின்று போகும் இடம். திரைப்பரப்பு பணிமேடை, முழுத் தொகுப்பும் பணிமேடைச் சூழல். இந்த வேறுபாடு தேவை. க்னோமில் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எதுவும் சேர்க்காவிட்டால் பணிமேடையில் ஒரு சின்னம்கூட இருக்காது. ஆனாலும் அது முழுமையான பணிமேடைச் சூழல்.

பேச்சில் டெஸ்க்டாப் என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. எழுதும்போதுதான் சிக்கல். மொழிபெயர்ப்பவர்கள் வரி வரியாகப் பட்டியலில் பார்த்து எழுதுகிறார்கள். அந்த வரி திரையில் எங்கே வருகிறது என்று திறந்து பார்ப்பதில்லை. தன்னார்வலர்கள் நேரமின்றிச் செய்வது தெரியும், மதிக்கிறேன். ஆனால் இப்போது இயந்திரம் மொழிபெயர்த்ததை அப்படியே ஒட்டுவது பெருகிவிட்டது. ஒருமுறையாவது நிறுவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் அன்றே எக்ஸ்எஃப்சிஇ-யும் போட்டோம். நுழைவுத் திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, லேசாக ஓடியதை வைத்துக்கொண்டாள். கையேட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பைப் பேனாவால் அடித்துவிட்டு, அவளே மேலே எழுதினாள்: 'உங்கள் கணினி தாங்கும் பணிமேடைச் சூழலைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்புக்கும் இது பொருந்தும்.'