ஒல்லி அக்காவும் 'எமாசியேட்டட்'டும்

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அக்காவைப் பற்றி எழுதியிருந்தாள்: 'என் அக்கா எமாசியேட்டட், ரொம்ப அழகு.' வீட்டில் வாங்கித் தந்த சொல் புத்தகத்தில் ஒல்லிக்கு நேராக அந்தச் சொல் இருந்ததாம். பட்டினியாலோ நோயாலோ எலும்பும் தோலுமாகிப் போனவரைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. தப்பு அவள் மேல் இல்லை. சொல்லையும் அர்த்தத்தையும் ஜோடி போட்டு மனப்பாடம் செய்யவைத்த நம் மேல்தான்.

இத்தனைக்கும் எல்லையோரப் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் புதிதல்ல. 'அவசரம்' நமக்குப் பதற்றம்; மலையாளத்தில் வாய்ப்பு. 'வெள்ளம்' அங்கே குடிக்கிற தண்ணீர். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் அவர்கள் படிக்கவில்லை. யார், எங்கே, எதோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டே பழகினார்கள். அந்தக் காது ஆங்கிலத்துக்கும் வேண்டும்.

வாரத்துக்கு ஆறேழு சொல்லுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. முடிந்தவரை ஒரே வேரில் கிளைத்தவையாக எடுப்பேன். லத்தீன் வழி வந்த 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்டர் உள்ளே புகுந்து பார்க்கிறவர். ரெட்ரோஸ்பெக்ட் பின்னோக்கிப் பார்ப்பது. சர்க்கம்ஸ்பெக்ட் என்றால் சுற்றுமுற்றும் பார்த்துக் காலெடுத்து வைக்கிற ஆள். ரெஸ்பெக்ட்கூட மூலத்தில் திரும்பிப் பார்ப்பதுதான் என்றபோது, "அப்போ, ஒருத்தரைத் திரும்பிப் பார்த்தாலே மரியாதைதானா டீச்சர்?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். அவனுக்கு அந்தச் சொல் இனி மறக்காது.

மற்றவை மறக்கும். ஜெர்மானியரான எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்ட ஆய்வில், மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் கழன்றுவிடுவதைக் காட்டினார். அதனால் மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று அதே சொல்லைத் திரும்ப எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றிப் புது வாக்கியம் எழுத வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களும், 'இன்னிக்கு எத்தனை சொல் படிச்சே?' என்று கேட்காதீர்கள். 'அந்தச் சொல்லை எப்போ சொல்லணும், எப்போ சொல்லக் கூடாது?' என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவும் கேட்கலாம். பிள்ளை தமிழில் விளக்கட்டும்.

அந்தப் பெண் அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவந்தாள்: 'கோடையில் தீவனம் கிடைக்காமல் பக்கத்து வீட்டுப் பசு எமாசியேட்டட் ஆகிவிட்டது.'