டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த ஊரின் கண்காட்சி நாள்காட்டியைப் பாருங்கள்

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று உடனே பணத்தைக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு ரூம் தேடுபவர்கள் குறைந்தபாடில்லை. கடைசியாக என்னிடம் யோசனை கேட்டு வந்தவர்களின் கதையும் அதேதான். நால்வர் கொண்ட குடும்பம், மார்ச் முதல் வாரம், பார்சிலோனா, பணம் திரும்பாத டிக்கெட். "குளிர்காலம்தானே, கூட்டம் இருக்காது என்று நினைத்தோம்" என்கிறார்கள். அந்த வாரம் அங்கே மொபைல் துறையின் பெரிய தொழில் கண்காட்சியான மொபைல் வேர்ல்டு காங்கிரஸ். 2006 முதல் அந்த ஊரில் நடக்கிறது. நான்கே நாட்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்குகிறார்கள். இது ரகசியம் எதுவும் இல்லை. ஓராண்டுக்கு முன்பே தேதி அறிவிக்கப்பட்டுவிடும். டிக்கெட் எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

பள்ளி விடுமுறை, பண்டிகை, மழை, வெயில் எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். தொழில் கண்காட்சியை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றுலாக் கூட்டம் இல்லாத மாதத்தில்தான் பல ஊர்களில் பெரிய கண்காட்சிகள் நடக்கின்றன. ஹோட்டல்கள் அப்போதுதான் காலியாக இருக்கும். ஆகவே "சீசன் இல்லாத மாதம்" என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் வாரம் ஒரு துறையின் ஆண்டு முழுவதற்குமான பெரிய வாரமாக இருக்கலாம். லாஸ் வேகாஸில் ஜனவரித் தொடக்கம் அப்படித்தான். வழக்கமாக அங்கே வார நாட்களில் ரூம் வாடகை குறைவு, வார இறுதியில் அதிகம். மின்னணுத் துறையின் சிஇஎஸ் கண்காட்சி நடக்கும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். 2025-இல் அதற்கு வந்தவர்கள் 1,40,000 பேருக்கு மேல்.

"போன முறை போனபோது வாடகை இவ்வளவு இல்லையே" என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். எல்லாக் கண்காட்சியும் ஆண்டுதோறும் நடப்பதில்லை. மியூனிக்கில் நடக்கும் பௌமா என்ற கட்டுமான இயந்திரக் கண்காட்சி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 2025 ஏப்ரலில் அது நடந்த ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் வந்தார்கள். 2024 ஏப்ரலில் போய் வந்த நண்பர் சொன்ன வாடகையை வைத்துக்கொண்டு 2025-க்குத் திட்டம் போட்டால் என்ன ஆகும்? டூசல்டார்ஃபில் நடக்கும் அச்சுத்துறைக் கண்காட்சியான ட்ரூபா நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. பாரிஸ் விமானக் கண்காட்சி ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜூனில், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சி இரட்டைப்படை ஆண்டுகளின் ஜூலையில். மருத்துவ மாநாடுகள் இன்னும் மோசம், ஊர் விட்டு ஊர் மாறும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் மாநாடு 2024-இல் லண்டனில், 2025-இல் மாட்ரிட்டில் நடந்தது. பழைய அனுபவம் இங்கே உதவாது. போகும் ஆண்டின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டியல் எங்கே இருக்கும்? அந்த ஊரின் கண்காட்சி மையத்துக்கென்று இணையதளம் இருக்கும், அதில் நிகழ்ச்சி நாள்காட்டி இருக்கும். ஒரே ஊரில் இரண்டு மூன்று மையங்கள் இருந்தால் எல்லாவற்றையும் பாருங்கள். அடுத்த சோதனை இன்னும் எளிது. ஏதாவது ஒரு ஹோட்டலை எடுத்து, உங்கள் தேதிக்கு முந்தைய வாரம், அந்த வாரம், பிந்தைய வாரம் மூன்றிலும் அதே கிழமைக்கு ஓர் இரவு வாடகையைப் பாருங்கள். நடுவில் உள்ள உங்கள் வாரம் மட்டும் இரண்டு மடங்கு காட்டினால் அங்கே ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது என்பது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தேதியை மாற்றுங்கள்.

"கண்காட்சி ஊருக்கு வெளியேதானே, நாங்கள் அந்தப் பக்கமே போகப்போவதில்லை" என்பார்கள். வருபவர்கள் அரங்குக்குள் படுத்து உறங்குவதில்லை. மிலானின் அறைகலன் கண்காட்சி ஏப்ரலில் ரோ என்ற புறநகரில் நடக்கிறது. ஆனால் அதே வாரம் ப்ரேரா, டொர்டோனா என்று நகரின் நடுப்பகுதிகளெல்லாம் வடிவமைப்பு நிகழ்ச்சிகளால் நிரம்பி வழியும்.

இனி, எல்லாவற்றையும்விடப் பணத்தைத் தின்னும் நம்பிக்கைக்கு வருவோம்: "கடைசி நேரத்தில் வாடகை இறங்கும், காத்திருக்கலாம்."

சாதாரண வாரத்தில் இது சில நேரம் பலிக்கும். ரூம் விற்காமல் கிடக்கிறது, நாளை காலியாகவே போய்விடும், அதனால் விலையைக் குறைக்கிறார்கள். கண்காட்சி வாரத்தில் ஹோட்டல்காரருக்கு அந்தப் பயமே கிடையாது. கடைசி நேரத்தில் ரூம் கேட்டு வருபவர் யார் என்று பாருங்கள். அனுமதி தாமதமான விற்பனை மேலாளர், கடைசி நிமிடத்தில் சேர்க்கப்பட்ட பொறியாளர், வாடிக்கையாளர் கூப்பிட்டதால் ஓடிவரும் இயக்குநர். இவர்கள் யாரும் சொந்தப் பணத்தில் தங்குவதில்லை. என்ன விலை சொன்னாலும் கம்பெனி கட்டும். இது தெரிந்துதான் ஹோட்டல்கள் சில ரூம்களை வேண்டுமென்றே கடைசிவரை வைத்திருக்கின்றன. நீங்கள் காத்திருப்பது சலுகைக்காக. அவர்கள் காத்திருப்பது அந்த மேலாளருக்காக. குடும்பத்தோடு வரும் நீங்கள் இந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது.

இந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சி நடத்துபவர்களும் பெரிய நிறுவனங்களும் ரூம்களை மொத்தமாகப் பிடித்து வைப்பார்கள். தொழிலில் இதை 'பிளாக்' என்போம். எடுக்காத ரூம்களைத் திருப்பித் தருவதற்கு ஒரு கெடு உண்டு. பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்பு. அப்போது திடீரென்று ரூம்கள் வெளியே வரும், ஓரிரு நாள் விலையும் தணியும். ஆகவே அந்த வாரங்களில் தினமும் ஒருமுறை பாருங்கள். ஆனால் கையில் ரத்து செய்யக்கூடிய ஒரு புக்கிங் இருக்கும்போது மட்டும் பாருங்கள். வெறுங்கையோடு காத்திருப்பது சூதாட்டம்.

தேதியை மாற்றவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. இரவுக்கு இரவு விலை ஒன்றாக இருக்காது. திங்கள் தொடங்கி வியாழன் முடியும் நிகழ்ச்சி என்றால், ஞாயிறு, திங்கள், செவ்வாய் இரவுகள்தான் உச்சம். வியாழன் மாலை எல்லோரும் கிளம்பிவிடுவதால் அன்றிரவே விலை சரியும். வியாழன் மாலை போய் இறங்குங்கள். விமான நிலையத்தில் கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். சீனாவின் குவாங்சோவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் கான்டன் வர்த்தகக் கண்காட்சிக்கு மூன்று கட்டங்கள் உண்டு. வசந்த காலக் கண்காட்சி என்றால் ஏப்ரல் 15 முதல் 19, 23 முதல் 27, மே 1 முதல் 5. இடையில் விழும் நாட்களில் நெருக்கடி குறையும்.

தேடும் விதத்திலும் தவறு செய்கிறார்கள். ஓர் இரவுக்குத் தேடி "ரூம் இல்லை" என்று வந்தவுடன் ஊரே நிரம்பிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். கண்காட்சி வாரத்தில் பல ஹோட்டல்கள் குறைந்தது மூன்று, நான்கு இரவு எடுத்தால்தான் தரும். நான்கு இரவு போட்டுத் தேடினால் அதே ஹோட்டல் தோன்றும். நேர்மாறாகவும் நடக்கும். ஆறு இரவுக்குத் தேடும்போது நடுவில் ஒரே ஓர் இரவு நிரம்பியிருந்தால் மொத்த ஹோட்டலும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். இரண்டாகப் பிரித்துத் தேடுங்கள். நடுவில் ஒருமுறை ஹோட்டல் மாறுவது தொல்லைதான், ஆனால் அதனால் மிச்சமாகும் பணம் பெரிது.

ரத்து விதியை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். வழக்கமாக ஒரு நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்ய விடும் ஹோட்டல், கண்காட்சி வாரத்துக்கு மட்டும் 14 அல்லது 30 நாள் என்று வைத்திருக்கும். கெடு அந்த ஊர் நேரப்படி. வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் தங்கும் வரி வாடகையில் 12.5 சதவீதம், அதாவது வாடகை ஏறினால் வரியும் ஏறும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்குமிடச் சான்று அதில் கேட்கப்படும். ஆகவே ரூமைத் தள்ளிப்போடுவது விசாவையும் சேர்த்துத் தள்ளிப்போடுவதுதான்.

தனியார் வீடுகள் மலிவாகக் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் கண்காட்சித் தேதி தெரியாமல் விலை போட்ட வீட்டுக்காரர், தெரிந்த பிறகு ஏதோ காரணம் சொல்லி ரத்து செய்துவிட்டு இரட்டை விலைக்கு விடுவதும் நடக்கிறது. உங்கள் பணம் திரும்பி வரும். அந்த நேரத்தில் ஊரில் ரூம் இருக்காது. வீடு எடுத்தால், மாற்றாக ரத்து செய்யக்கூடிய ஒரு ஹோட்டலையும் அதன் கெடுவரை வைத்திருங்கள்.

பக்கத்து ஊரில் தங்குவது நல்ல யோசனை, சரியான ரயில் பாதையைத் தேர்ந்தெடுத்தால். பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சி வாரத்தில் மைன்ஸ் நகரில் தங்கினால் பிராங்பர்ட் மத்திய ரயில் நிலையத்துக்கு எஸ்8 புறநகர் ரயிலில் சுமார் 40 நிமிடம். அந்தப் பாதை கண்காட்சி நிலையத்தைத் தொடுவதில்லை, விமான நிலையம் வழியாகவே போகிறது. பிரான்சின் கான் நகரில் மே மாதத் திரைப்பட விழாவின்போது நீஸ் அல்லது ஆன்டீபில் தங்கி ரயிலில் போய் வருகிறார்கள். இரவுக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள். அது தெரியாமல் புக்கிங் போட்டால் மிச்சப்படுத்திய பணம் டாக்சிக்குப் போய்விடும்.

இருக்கும் ரூமைவிட அதிகமாக விற்பதும் இந்த வாரங்களில் நடக்கும். எல்லோரும் வந்து நின்றால் யாரையாவது வேறு ஹோட்டலுக்கு அனுப்புவார்கள். முதலில் மாட்டுவது நள்ளிரவில் வந்து சேர்பவர், ஓரிரவு மட்டும் போட்டவர், இணைய முகவர் வழியாக வந்தவர். ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஹோட்டலுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, அவர்களுடைய பதிவு எண்ணை வாங்குங்கள். வந்து சேரும் நேரத்தையும் அதிலேயே எழுதுங்கள். அப்படியும் அனுப்பினால் சண்டை போட வேண்டாம். அதே தரத்தில் வேறு ரூம், அங்கே போகும் வண்டிச் செலவு, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நகருங்கள்.

ஊருக்குள் நடமாட்டத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. காலை எட்டரை முதல் பத்து, மாலை ஐந்து முதல் ஆறரை, அரங்குக்குப் போகும் மெட்ரோவைத் தவிர்த்தால் போதும். பகலில் கண்காட்சிக்காரர்கள் அரங்குக்குள் இருப்பதால் அருங்காட்சியகங்களில் அவர்களால் கூட்டம் கூடுவதில்லை. இரவு உணவகங்கள்தான் கம்பெனி விருந்துகளால் நிரம்பும். ராத்திரிச் சாப்பாட்டு மேசையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அல்லது வயிறாரச் சாப்பிடுவதை மதியத்துக்கு மாற்றுங்கள்.

"வந்ததுதான் வந்தோம், பிள்ளைகளுக்குக் கண்காட்சியைக் காட்டிவிடலாம்" என்றும் கிளம்பாதீர்கள். சிஇஎஸ் பொதுமக்களுக்கானது கிடையாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியும் இல்லை. பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சி போலப் பொதுமக்களுக்கென்று நாட்கள் ஒதுக்குபவையும் உண்டு. அந்த நாள் எது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பயத்தில் மூன்று ஹோட்டலில் ரூம் போட்டு வைத்தவர்கள், ஒன்று உறுதியானதும் மற்ற இரண்டையும் அன்றைக்கே விட்டுவிடுங்கள். கெடு நாள்வரை இழுக்க வேண்டாம். அதே வாரத்தில் பிள்ளையின் சிகிச்சைக்கோ தேர்வுக்கோ அந்த ஊருக்குப் போகிறவர்களும் ரூம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேதியை மாற்றிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லை.