பன்முகத்தன்மை: ஆறுமுகம் என்றால் ஆறு பேரா?

சென்னைப் புறநகரில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த ஓர் இடம். பயிற்சி வகுப்புக்காகப் பதாகை கட்டியிருந்தார்கள்: 'கட்டுமானத் துறையில் பணியாளர் பன்முகத்தன்மை மேலாண்மை'. பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் அர்த்தம் கேட்டேன். "ஒரே ஆள் கொத்து வேலையும் பாக்கணும், கம்பியும் கட்டணும், டைல்ஸும் ஒட்டணும்ங்கிறாங்க சார். சம்பளம் மட்டும் ஒண்ணு" என்றார்.

அவர் தமிழில் பிழையே இல்லை. பிழை பதாகையில்தான்.

சொல்ல வந்தது டைவர்சிட்டி. லத்தீன் மூலத்துக்கு 'வெவ்வேறு பக்கம் திரும்பியது' என்று பொருள்; பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஊர், மொழி, பால், வயது என்று வேறுபட்டவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்வதை இன்று அலுவலகங்களில் இப்படிச் சொல்கிறார்கள். வேர்க்கதை இவ்வளவுதான்.

இனி பன்முகத்தன்மைக்கு வருவோம். பல முகம் என்றால் ஒன்றுக்கே பல முகம். ஆறுமுகம் ஒருவர்தான், ஆறு பேர் அல்ல. பாடவும் நடிக்கவும் எழுதவும் தெரிந்தவரைப் பன்முகக் கலைஞர் என்கிறோம். நாளிதழ் இரங்கல் செய்திகளில் பன்முக ஆளுமைகளுக்குப் பஞ்சமே இல்லை. அப்படி ஓர் ஆளின் திறமையைச் சொல்லப் பழகிய சொல்லைக் கொண்டுபோய்க் கூட்டத்தின் தலையில் கட்டினால், மேஸ்திரி வேறெப்படிப் புரிந்துகொள்வார்?

'பணியாளர் கூட்டம் முழுவதையும் ஓர் உடலாகக் கொள்ளலாமே' என்று நண்பர் ஒருவர் வாதாடினார். இந்தியப் பண்பாட்டின் பன்முகத்தன்மை என்றால் சரி, பண்பாடு ஒன்று, முகம் பல. ஆனால் ஒடிசாவிலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்தவரும், வங்காளத்துக் கம்பி கட்டுபவரும், திருவண்ணாமலைப் பக்கத்துக் கொத்தனாரும் ஓர் உடம்பா என்ன? கான்கிரீட் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போகிறவர்கள். அவரவருக்கு அவரவர் முகம்.

பன்மை என்று சுருக்கலாமா? போதாது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு செங்கலும் பன்மைதான். வேற்றுமை பழைய சொல், நல்ல சொல், ஆனால் 'வேற்றுமை பாராட்டுதல்' கூடவே ஒட்டிக்கொண்டு வரும். எதைத் தவிர்க்க வகுப்பு நடத்துகிறோமோ அதுவே தலைப்பாகிவிடும். எனக்குப் பிடித்தது பல்வகைமை. இலங்கைத் தமிழில் உயிர்ப்பல்வகைமை என்று அது எப்போதோ நிலைத்துவிட்டது. 'பல் மருத்துவம் மாதிரி இருக்கிறதே' என்று ஒருவர் முகம் சுளித்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பல் தெரியவில்லை போலும்.

அதுவும் காகிதத்துக்குத்தான். வேலையிடத்தில் 'பலதரப்பட்ட ஆட்களை வைத்து வேலை வாங்குவது' என்றால் எல்லோருக்கும் விளங்கும். மேலாண்மையும் தானாக உதிர்ந்துவிடும்.

மணிமேகலையில் சோழ மன்னனின் மண்டபம் ஒன்று வருகிறது. கட்டியவர்கள் யார்? 'மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும்' தண்டமிழ் வினைஞரோடு கூடிச் செய்தார்களாம். மகதம் என்றால் இன்றைய பிகாரின் தென்பகுதி; ஆக, பிகார்க்காரர் இங்கே கட்ட வருவது நேற்றைய சங்கதி அல்ல. அதை எழுதிய சாத்தனார், 'தன்மை', 'மை' என்று எதையும் ஒட்டவில்லை. யார், எந்த ஊர், என்ன வேலை என்று சொன்னார், முடிந்தது. 1979-ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் சட்டமும் இப்படித்தான், பயணப்படி, இடப்பெயர்வுப் படி என்று வேண்டியதை எண்ணி வைத்தது. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது.

பெண்கள் என்றதும் இன்னொரு சொல் உறுத்துகிறது: சித்தாள். சிற்றாள், அதாவது சிறிய ஆள். கையாளாக வரும் பையன் சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான். முப்பது வருடம் கலவைச் சட்டி சுமந்த அம்மாள் பேரன் எடுத்த பிறகும் சிறிய ஆள்தான். பதாகை எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வகுப்பு வைத்தால் நானே போய் உட்காருவேன். வைக்க மாட்டார்கள். அகராதியைத் திறக்கிற மொழிபெயர்ப்பாளர் சாரத்துக்குக் கீழே ஒரு நாளாவது நின்றால்தானே தெரியும்?

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தபோது, ஐந்து இடத்தில் பல்வகைமை என்று எழுதியிருந்தேன். அச்சாகி வந்ததில் ஐந்தும் பன்முகத்தன்மை. போன் செய்து கேட்டேன். "உங்க வார்த்தை யாருக்கும் புரியாதுங்க" என்றார்கள். சரி, அந்த மேஸ்திரியிடம் பேசிப் பாருங்கள் என்றேன். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்று பதில் வந்தது.