தங்கம் போட்ட கண்ணாடி ஏன் செக்கச்செவேல்னு இருக்கு?

ஜெர்மனில வேலை பாக்குற தம்பி ஒருத்தர் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாரு. அங்க ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தை போடுவாங்க, அதுல ஒரு பாட்டியம்மா கிட்ட சின்ன ஒயின் கிளாஸ் ஒண்ணு வாங்கியிருக்காரு, மாதுளை முத்து கலர், மேல பட்டை பட்டையா வெட்டின டிசைன். "இதுல தங்கம் இருக்கு, அதான் விலை ஜாஸ்தி"ன்னு அந்தம்மா சொன்னாங்களாம். தம்பியோட கேள்வி இதுதான்: "தங்கம் போட்டா மஞ்சளாத்தானே இருக்கணும்? ஏமாந்துட்டேனா? நிஜமாவே இருந்தா உருக்கி எடுக்க முடியுமா?"

அந்த கிளாஸ்ல தங்கம் இருக்கா இல்லையான்னு போட்டோவ வச்சு சொல்ல முடியாது, அதுக்கு கடைசில வர்றேன். ஆனா தங்கம் போட்டா கண்ணாடி சிவப்பாகும்ங்கறது நிஜம். எனக்கு இயற்பியல்ல ரொம்பப் பிடிச்ச விஷயங்கள்ல இது ஒண்ணு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதப் போறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு கட்டுக்கதைய தள்ளி வச்சிடுவோம். கண்ணாடி உருகிக் கொதிக்கிற பானைக்குள்ள முதலாளி வந்து ஒரு தங்கக் காச தூக்கிப் போடுவாரு, உடனே மொத்தக் கண்ணாடியும் சிவப்பாயிடும்னு ஐரோப்பால பழைய பட்டறைகளைப் பத்தி ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கும். காசப் போட்டா அது உருகி அடில போய் உக்காரும், அவ்வளவுதான். தங்கம் கண்ணாடில கலக்கணும்னா முதல்ல ராஜ திராவகத்துல, அதாவது நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேந்த கலவைல கரைக்கணும், அந்தக் கரைசலைத்தான் மணலோட சேத்து உலைல ஏத்துவாங்க. 1612-லயே ஃபுளோரன்ஸ்ல அந்தோணியோ நேரிங்கற பாதிரியார் இந்த மாதிரி தங்கத்துலேர்ந்து சிவப்பு எடுக்குறதப் பத்தி எழுதி வச்சிருக்காரு. அதை ஒழுங்கா, திரும்பத் திரும்ப வர்ற மாதிரி தொழிலா செஞ்சு காட்டினவரு யோஹான் குங்கெல், ஜெர்மனில பாட்ஸ்டாம் ஊர்ல பிராண்டன்பர்க் ஆட்சியாளர் கிட்ட வேலை பாத்த ரசவாதி. 1685-ல அவர் ரகசியமா பரிசோதனை பண்றதுக்குன்னு ஒரு தீவையே கொடுத்துட்டாங்க, இன்னைக்கு பெர்லின்ல மயில் தீவுன்னு ஜனங்க சுத்திப் பாக்கப் போற இடம் அதுதான், அப்ப முயல் தீவுன்னு பேரு. 1688-ல ஆதரிச்ச மன்னர் இறந்தாரு, மறு வருஷமே கண்ணாடிப் பட்டறை எரிஞ்சு போச்சு, குங்கெல் கடைசில ஸ்வீடன் போய்ச் சேந்தாரு. அவர் காலத்துச் சிவப்புக் கிண்ணங்கள் இன்னைக்கு மியூசியத்துல இருக்கு, சேகரிக்கிறவங்க கனவு காண்ற சாமான்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். தங்கம் கலந்த கண்ணாடிய உலைலேர்ந்து எடுத்து ஊதி கிளாஸ் பண்ணி வேகமா ஆற வச்சா அது சிவப்பா இருக்காது. நிறமே இல்லாம தண்ணி மாதிரி இருக்கும், இல்ல லேசா மஞ்சப் பூத்திருக்கும். ஆறினதை திரும்ப 500-லேர்ந்து 700 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏதோ ஒரு சூட்டுல, கண்ணாடியோட ரகத்தப் பொறுத்து, உலை வாய்ல காட்டினா அப்பத்தான் நிறம் வரும். ஒண்ணுமே இல்லாத கண்ணாடிக்குள்ளேர்ந்து ரோஸ் கிளம்பி, அப்படியே ஏறி ஏறி ரத்தச் சிவப்பாகும். கண்ணாடிக்காரங்க இதுக்கு ஸ்ட்ரைக்கிங்னு சொல்வாங்க. புதுசா எதையும் சேக்கல, சூடு மட்டும்தான் காட்டினோம், அப்ப நிறம் எங்கேர்ந்து வந்துச்சு?

ஆறின கண்ணாடில தங்கம் தனித்தனி அயனியா, அணுவா, ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரத்துல மாட்டிக்கிட்டு இருக்கும். கண்ணாடி இறுகிட்டதால நகர முடியாது. திரும்ப சூடு காட்டும்போது கண்ணாடி உருகாது, ஆனா அணுக்கள் மெதுவா ஊர்ந்து போற அளவுக்கு இளகும். கண்ணாடில தங்கத்தோட கூடவே போட்ட வெள்ளீயம் தங்க அயனிக்கு எலக்ட்ரானக் கொடுத்து அதை முழுத் தங்க அணுவா மாத்தும். அந்த அணுக்கள் ஒண்ணையொண்ணு தேடிப் போய் ஒட்டிக்கும், பாகுல நூல் தொங்க விட்டா கற்கண்டு புடிக்கிற மாதிரி கண்ணாடிக்குள்ள கோடிக்கணக்கான இடத்துல குட்டிக் குட்டித் தங்க உருண்டை வளரும். ஒரு உருண்டை சுமார் 20 நானோமீட்டர்னு வச்சுக்கங்க, அதுல ரெண்டரை லட்சம் தங்க அணு இருக்கும். கேக்க பெருசா இருக்கும், ஆனா அந்த மாதிரி ஐம்பதாயிரம் உருண்டைய வரிசையா அடுக்கினாத்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

இந்த உருண்டைதான் சிவப்பு. ஏன்னா உலோகத்துக்குள்ள எலக்ட்ரான் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாம சுத்திக்கிட்டு இருக்கும்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. பாதி ரொம்பின குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு நடந்து பாத்தவங்களுக்கு இதுக்கு மேல சொல்றது சுலபமா புரியும். மெதுவா நடந்தா தண்ணி அசையாது, ஓடினாலும் பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு குறிப்பிட்ட வேகத்துல நடக்கும்போது நம்ம காலடியும் தண்ணியோட அசைவும் ஒத்துப் போயி, தளும்பித் தளும்பி சேலையெல்லாம் நனைஞ்சிடும். அந்தத் தங்க உருண்டைதான் குடம், எலக்ட்ரான் கூட்டம்தான் தண்ணி, வெளிச்சம்தான் நடை. வெளிச்சம்ங்கறது மின்புலம் இப்படியும் அப்படியும் ஆடுற அலைதானே, அது உருண்டைய கடந்து போகும்போது உள்ள இருக்குற அத்தனை எலக்ட்ரானையும் ஒண்ணா ஒரு பக்கம் தள்ளும், அடுத்து மறுபக்கம் இழுக்கும். தங்கத்தோட குடத்துக்குப் பிடிச்ச நடை எதுன்னா பச்சை வெளிச்சம், அலைநீளம் 520, 530 நானோமீட்டர் பக்கம், வினாடிக்கு ஏறத்தாழ 570 லட்சம் கோடி தடவை ஆடுறது. அந்தப் பச்சை வந்தவுடனே மொத்த எலக்ட்ரானும் சேந்து தளும்பும், தளும்புற சக்தி அந்த உருண்டைக்குள்ளயே சூடா மாறிடும், ஆக பச்சை அங்கயே காலி. வெள்ளை வெளிச்சத்துலேர்ந்து பச்சைய உருவிட்டா மிச்சம் என்ன? நிறைய சிவப்பு, கூட கொஞ்சம் நீலம். தங்கச் சிவப்பு எப்பவும் லேசா ரோஸ், ஊதா பக்கம் சாஞ்சு இருக்குறதுக்குக் காரணம் அந்தக் கொஞ்சூண்டு நீலம்தான்.

இதையே நகைல ஏன் பாக்க முடியலன்னா, அங்க எலக்ட்ரானுக்குக் கரையே கிடையாது, குடம் இல்ல, கடல். தளும்பறதுக்கு சுவர் வேணும்.

சூட்ட அதிகமா காட்டிட்டா உருண்டை வளந்துக்கிட்டே போகும், பெருசாச்சுன்னா வெளிச்சத்த விழுங்குறத விட நாலாபக்கமும் சிதறடிக்கிறதுதான் ஜாஸ்தியாகும், கண்ணாடி கலங்கிப் போய் ஈரல் மாதிரி பழுப்பாயிடும். அதுக்கப்புறம் அந்தச் சாமான் வீண்தான். நிமிஷக் கணக்குல கைவேலைக்காரர் கண்ணாலயே பாத்து, போதும்னு எடுத்திருக்காரு, நானோமீட்டர்னு ஒரு வார்த்தையே இல்லாத காலத்துல. அந்தக் கைக்கு நான் ரொம்ப மரியாதை வச்சிருக்கேன்.

ஆனா மரியாதை வேற, அவங்க அப்பவே நானோ டெக்னாலஜி தெரிஞ்சு வச்சிருந்தாங்கன்னு சொல்றது வேற. ரோமானியர்களோட லைகர்கஸ் கிண்ணம்னு ஒண்ணு லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, 4-ஆம் நூற்றாண்டு, வெளிலேர்ந்து வெளிச்சம் பட்டா பச்சை, உள்ள விளக்கு வச்சா சிவப்பு, வெள்ளியும் தங்கமும் கலந்த நானோ உருண்டைதான் அதுக்கும் காரணம். செஞ்சவங்களுக்கு காரணம் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. இதே நியாயத்தத்தான் நம்ம ஊரு தங்க பஸ்பத்துக்கும் சொல்வேன். "சித்தர்கள் அன்னைக்கே நானோ மருந்து கொடுத்தாங்க"ன்னு விளம்பரம் பண்ணி விக்கிறத பாத்தா எனக்குக் கோவம் வருது, துகள் சின்னதா இருக்குங்கறது நோய் தீரும்ங்கறதுக்குச் சாட்சி ஆகாது, மருந்துன்னா சோதிச்சுக் காட்டணும். இன்னொண்ணு, நானோ பத்தி பாடம் எடுக்குறவங்க நிறைய பேரு ஐரோப்பாவோட இடைக்கால சர்ச் ஜன்னல்ல இருக்குற சிவப்பு தங்கம்னு ஸ்லைட் போடுறாங்க, அது பெரும்பாலும் செம்புங்க, தங்கம் இல்ல.

காரணம் எப்படித் தெரிய வந்துச்சுங்கறது தனிக் கதை. 1850-கள்ல மைக்கேல் ஃபாரடே தங்கக் கரைசல்ல பாஸ்பரஸ் சேத்து சிவப்புத் திரவம் பண்ணாரு, அதுக்குள்ள ஒளிக்கற்றைய விட்டப்ப அது கூம்பு மாதிரி தெரிஞ்சுது, அப்ப உள்ள கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்தான் இருக்கணும்னு 1857-ல சொன்னாரு. அவர் பண்ணின பாட்டில்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல இன்னமும் இருக்கு, இன்னமும் சிவப்பு. அப்புறம் ஜெர்மனில யேனா ஊர்ல ஷாட் கண்ணாடிக் கம்பெனில வேலை பாத்த ரிச்சர்ட் சிக்மாண்டி, செய்ஸ் கம்பெனியோட சீடென்டாஃப் கூட சேந்து அல்ட்ரா மைக்ரோஸ்கோப்னு ஒண்ணு பண்ணி, பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சு, தங்கச் சிவப்புக் கண்ணாடிக்குள்ள ஒவ்வொரு துகளும் நட்சத்திரம் மாதிரி மின்னுறத பாத்தாரு, 1903-ல அந்தக் கட்டுரை வந்துச்சு. வேதியியல் நோபல் 1925-ஆம் வருஷத்துக்கானது அவருக்குத்தான். நடுவுல 1908-ல குஸ்டாவ் மீங்கற ஜெர்மன் இயற்பியலாளர் கணக்குப் போட்டு ஏன் சிவப்புன்னு காட்டினாரு.

ஃபாரடே கிட்ட யாரும் இதால என்ன பிரயோஜனம், மூணு வருஷத்துல என்ன பொருள் சந்தைக்கு வரும்னு படிவம் நீட்டல. கோவிட் சமயத்துல வீட்லயே மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் பண்ணினோமே, அந்த அட்டைல வந்த சிவப்புக் கோடு நிறைய கிட்ல தங்க நானோ துகள்தான், கர்ப்பம் பாக்குற அட்டைல பலதுலயும் அதேதான். பயன் கேக்காம பணம் கொடுக்குற ஒரு பங்கு எந்த நாட்டோட ஆராய்ச்சி பட்ஜெட்லயும் இருந்தே ஆகணும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

பீங்கான் சேகரிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கக் கரைசல்ல வெள்ளீய உப்பக் கலந்தா வர்ற காசியஸ் ஊதான்னு ஒரு சாயம் உண்டு, வெள்ளீய ஆக்சைடு சுத்தி நின்னு தங்க உருண்டைங்க ஒட்டிக்காம காவல் காக்கும், மைசன் மாதிரி பழைய ஐரோப்பியப் பீங்கான்ல ரோஜாப்பூவோட ரோஸ் இந்தச் சாயத்துலதான் வந்துச்சு.

சரி தம்பி, உங்க கிளாஸ். பொஹீமியால, இன்னைக்கு செக் நாடு, 1830-கள்ல ஃபிரெட்ரிக் எகர்மன்னு ஒருத்தர் செம்ப வச்சு கண்ணாடி மேல சிவப்புச் சாயம் ஏத்துறத கண்டுபிடிச்சாரு, விலை ரொம்பக் கம்மி, அதனால மான், கோட்டையெல்லாம் செதுக்கின டூரிஸ்ட் கிளாஸ் ஏகப்பட்டது அந்த வகைதான். தங்கச் சிவப்புலயும் உள்ள நிறமில்லாத கண்ணாடி, மேல மெலிசா சிவப்புக் கண்ணாடின்னு ரெண்டு அடுக்கா செய்வாங்க, அதனால வெட்டின இடத்துல ரெண்டு வகைலயுமே நிறமில்லாத கண்ணாடிதான் தெரியும், அதை வச்சு ஏமாந்துடாதீங்க. ஒரு லென்ஸ எடுத்து வெட்டோட ஓரத்த பாருங்க. சிவப்புக்குன்னு ஒரு தடிமன், ஒரு படி மாதிரி தெரிஞ்சா அது அடுக்குக் கண்ணாடி. தோல் மேல மருதாணி மாதிரி ஆழமே இல்லாம இருந்தா செம்புச் சாயம். அடுத்தது நிறம், வெள்ளை வேட்டி பின்னாடி வச்சு வெயில்ல பாருங்க, ரோஸ், ஊதா பக்கம் சாஞ்சா தங்கமா இருக்க நல்ல வாய்ப்பு, ஆரஞ்சு பக்கம் சாஞ்சா செம்பு, இல்ல பிற்காலத்துல செலீனியம்ங்கற தனிமம் போட்டு சிவப்பாக்கின கண்ணாடி.

உருக்கி எடுக்குற நினைப்ப விட்டுடுங்க. கண்ணாடி முழுசும் தங்கச் சிவப்பா இருந்தாக்கூட எடைல பத்தாயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் தங்கம், 150 கிராம் கிளாஸ்னா 15, 30 மில்லிகிராம், ஒரு குண்டுமணிக்குக் கூட காணாது. அதை விட அந்த கிளாஸுக்குக் கொடுத்த காசு எத்தனையோ மடங்கு. வெட்டு ஓரத்த கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்து சொல்றேன்.