அப்பாவைத் திருகோணமலைக்குக் கூட்டி வருகிறவர்களுக்கு

போன ஞாயிறு பின்னேரம் அறுபத்தேழு வயது ஐயா ஒருவரை அவருடைய மகள் என்னிடம் கூட்டி வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து மூன்று நாள் சுற்றுலா வந்த குடும்பம். "அப்பாக்கு ஒண்டுமில்லை டொக்டர், மேசு மட்டும் ஈரமா இருக்கு, என்னெண்டு ஒருக்கா பாருங்கோ" என்றார்.

காலில் போட்டிருந்த வெள்ளை மேசின் அடிப்பக்கம் மஞ்சளாக ஊறித் தோலோடு ஒட்டியிருந்தது. சேலைன் ஊற்றி ஊறவிட்டுத்தான் கழற்ற முடிந்தது. இரண்டு உள்ளங்காலிலும், பெருவிரலுக்குக் கீழுள்ள மேட்டிலும் குதிக்காலிலும், கொப்புளங்கள் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. நான் அதைக் கழுவிச் செத்த தோலை வெட்டி எடுத்த நேரம் முழுக்க ஐயா மருமகனோடு கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் பார்த்த மான்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவர் தைரியசாலி என்று மகள் நினைத்தார். எனக்கோ வயிற்றைக் கலக்கியது.

ஐயாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். எப்படியும் கழற்றத்தானே வேண்டும் என்று செருப்பை வான் வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு ஐயா தார் றோட்டில் வெறுங்காலோடு ஏறியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் "சுடுது, சுடுது" என்று துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்களாம். ஐயா ஆறுதலாக நடந்து போனாராம். சனிக்கிழமை அதே காலோடு நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுக்கும் போய்க் கடலில் இறங்கியிருக்கிறார்.

இந்த வருடம் கச்சான் காற்று தொடங்கியதில் இருந்து இப்படி வந்த நாலாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு பேரும் எனக்குச் சொன்னது ஒரே வசனம்: "நொந்திருந்தா சொல்லியிருப்பேனே." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஐயா, நோகாததுதான் உங்கள் வருத்தம். நீண்ட நாள் சீனி இருந்த பலரின் காலில் நரம்பு மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. ஆணி ஏறினாலும் நெருப்பு பட்டாலும் மூளைக்குச் செய்தி போகாது. நோவு இல்லை என்பதைக் காயம் இல்லை என்று எடுப்பது, தொலைபேசி வயரை வெட்டிவிட்டு வீட்டில் எல்லாரும் சுகம் என்று நினைப்பது போலத்தான்.

இதற்கு உடனே ஒரு பதிலும் வரும். "எனக்கு இரவில கால் எரியுது டொக்டர், அப்ப உணர்ச்சி இருக்குத்தானே?" இல்லை. அந்த எரிவும் பழுதான நரம்பு தானாகக் கிளப்புவதுதான். இரவெல்லாம் கால் எரிகிறது என்று தூங்காத அதே ஆளுக்கு, பகலில் தார் சுடுவது தெரியாது. இரண்டும் ஒரே காலில், ஒரே நேரத்தில் இருக்கும். எரிகிற கால்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய கால். "நடக்கேக்க பஞ்சில மிதிக்கிற மாதிரி இருக்கு" என்பதும் இதே கதைதான். எரிவு இருக்கிறவர்கள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு திரிவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இப்ஸ்விச் தொடு பரிசோதனை என்போம். அப்பாவைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். ஒரு நொடி, இரண்டு நொடி வைத்தால் போதும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடும்போது வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறவிட்டால் அந்தக் காலை நம்பி வெயிலில் விட முடியாது. கிளினிக்கில் இதையே பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் நூலால் பார்ப்போம். ஐந்து நிமிட வேலை. கூட்டம் கூடிய நாட்களில் எங்களில் பலர் அதைச் செய்யாமல் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், அது எங்கள் பிழை. வெட்கப்படாமல் "காலையும் ஒருக்கா பாருங்கோ" என்று கேட்டு வாங்குங்கள்.

இனிப் பயணத் திட்டத்துக்கு வருவோம். திருகோணமலைக்கு இரண்டு மூன்று நாள் வருகிறவர்கள் எல்லாரும் போகிற இடம் மூன்று: கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாமலை. மூன்றிலும் செருப்பைக் கழற்றத்தான் தோன்றும். அதோடு புறாமலைக்குப் போகக் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாசி வரையான மாதங்கள்தான், இங்கே வெயில் கொளுத்துவதும் கச்சான் அடிப்பதுமான மாதங்கள். காற்று முப்பத்தைந்து பாகை என்று கைபேசி காட்டும் நாளில், நண்பகலில் தாரும் கருங்கல்லும் காய்ந்த மணலும் ஐம்பதைத் தாண்டும். அந்த வறண்ட காற்றில் குதிக்கால் வெடிப்பும் கூடும். வருவதற்கு ஒரு கிழமை முன்பே இரவில் குதிக்காலுக்கு வசிலின் பூசத் தொடங்குங்கள், விரல் இடுக்கில் மட்டும் பூச வேண்டாம். கால் ஆணியை பிளேட்டால் சீவிக்கொண்டு வரவே வராதீர்கள்.

கோணேசர் கோயிலுக்கு விடியக்காலை போங்கள். கோயில் இருக்கிற சுவாமி மலையில் கடலுக்கு மேல் சூரியன் எழும்புவதையும் பார்க்கலாம், கல்லும் குளிர்ந்திருக்கும். பின்னேரம் நல்லதுதானே என்று கேட்பார்கள். பகல் முழுக்கக் காய்ந்த கல் வெயில் தாழ்ந்தவுடன் ஆறிவிடாது, அதனால் காலைதான் என் தெரிவு. செருப்பு போட விடுகிற கடைசி இடம் வரை போட்டுப் போய் அங்கே கழற்றுங்கள். அப்புறம் தடித்த பருத்தி மேசு போட்டுக்கொண்டு கும்பிடுங்கள். காலைக் காப்பாற்ற ஒருவர் மேசோடு வந்து நிற்பதைக் கோணேசப் பெருமான் குற்றமாக எடுக்க மாட்டார் என்று நான் மனதார நம்புகிறேன். வெள்ளை மேசாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தோசம். இரத்தமோ நீரோ கசிந்தால் அதில்தான் உடனே தெரியும்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழும் ஒரே சூடு இல்லை. வாளியால் அள்ளி ஊற்றுவதற்கு முன் தண்ணீரைச் சீனி இல்லாத ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். அப்பாவின் காலால் சூடு பார்க்க வேண்டாம். குளித்து முடித்ததும் விரல் இடுக்கை ஒவ்வொன்றாகத் துடையுங்கள். ஈரத்தோடு சப்பாத்துக்குள் காலை விட்டால் அந்த இடுக்கில்தான் முதலில் தோல் வெடிக்கும்.

புறாமலையைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் சுறாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அங்கே தெரிகிற கருந்துடுப்புச் சுறா ஆளைக் கண்டால் விலகிப் போகிற சாது. காலை வெட்டுவது கரைதான். நிலாவெளிக் கரை மாதிரிப் பஞ்சு மணல் இல்லை அது, கரையில் கிடப்பதில் பெரும்பகுதி உடைந்த பவளப்பாறைத் துண்டு. பாட்டா செருப்பு தண்ணீருக்குள் கழன்று மிதந்துவிடும். காலை முழுதாக மூடுகிற, அடி தடித்த றபர் சப்பாத்து வேண்டும். போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பவளத் துண்டு மூன்று மணி நேரம் அடியில் கிடந்து குழி பறித்த புண்ணுக்கும் நான் மருந்து கட்டியிருக்கிறேன். 2003 முதல் அது தேசியப் பூங்கா. பவளத்தில் ஏறி நிற்கக் கூடாது என்பது உங்கள் காலுக்காகவும்தான், பவளத்துக்காகவும்தான்.

காலில் ஏற்கெனவே புண்ணோ வெடிப்போ இருந்தால் கடலில் இறங்கவே வேண்டாம். "உப்புத் தண்ணி பட்டா ஆறும்" என்று சொல்லும் பெரியவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அதை விடுங்கள். நாங்கள் புண் கழுவும் சேலைனில் உப்பு 0.9 வீதம், கிருமி இல்லாதது. கடலில் ஏறத்தாழ 3.5 வீதம் உப்பு, கூடவே விப்ரியோ என்ற கிருமியும் இருக்கலாம். சீனி இருக்கிறவர், ஈரல் பழுதானவர் புண்ணுக்குள் அது போனால் சில மணி நேரத்திலேயே கால் வீங்கிக் கறுக்கத் தொடங்கிவிடும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரண்டு சொல். நிறுத்திய வானின் டாஷ்போர்டில் இன்சுலினை வைக்காதீர்கள். பாவிக்கிற குப்பியை நிழலில், முப்பது பாகைக்குக் கீழே வைத்தால் ஏறத்தாழ நாலு கிழமை தாங்கும். ஈர மண்சட்டி போதும், ஐஸ் கட்டியோடு முட்ட விடாதீர்கள். ஊசியைப் போட்டுவிட்டுப் படகுக்கு வரிசையில் நிற்காதீர்கள். சாப்பாடு கைக்கு வந்த பிறகு போடுங்கள், சட்டைப் பையில் சீனியோ குளுக்கோசோ இருக்கட்டும்.

ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் அப்பாவின் உள்ளங்காலைக் கைபேசி வெளிச்சத்தில் நீங்கள் பாருங்கள். அவர் "ஒண்டுமில்லை" என்பார், கேட்காதீர்கள். சுட்ட இடம் தெரிந்தால் உடனே ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, ஐஸ், மஞ்சள், தேங்காயெண்ணெய் ஒன்றும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி அன்றைக்கே வைத்தியரிடம் வாருங்கள். ஊருக்குப் போய்க் காட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சிவப்பு மேலே ஏறினாலோ, கெட்ட மணம் வந்தாலோ, காய்ச்சலோ குளிரோ கண்டாலோ நேரே ஆஸ்பத்திரி, இரவென்றாலும்.

ஞாயிறு வந்த ஐயாவுக்கு இடது பெருவிரல் தப்புமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. ஒன்றுவிட்ட ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் மருந்து கட்டிய பிறகு மகள் படம் அனுப்புகிறார். நேற்று வந்த படத்தில் வலது கால் விளிம்பில் இளஞ்சிவப்பாகத் தோல் வளரத் தொடங்கியிருந்தது. கீழே ஒரு வரி: "அப்பா இப்பவும் நோகேல்லை எண்டுதான் சொல்றார், டொக்டர். ஆனா நான் ரெண்டு நேரமும் பாக்கிறன்."