புல்தரைக்கு மாற்றாகப் படரும் செடிகள்: வேகத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

புல்தரையை எடுத்துவிட்டுத் தரையோடு படரும் செடிகளை வளர்க்க விரும்புவோர் என்னிடம் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் செடி சீக்கிரம் படரும் என்பதே. தோட்டம் அமைக்கும் பணியைத் தொடங்கிய காலத்தில் இதற்கு நான் தயங்காமல் சொன்ன விடை, மஞ்சள் பூப் பூத்து, வெயிலிலும் நிழலிலும் சளைக்காமல் வளரும் வெடேலியா. ஒரு வீட்டின் முன்புறம் முழுவதும் அதை நட்டேன். இரண்டே மழைக்காலங்களில் அது மதிலோர வாய்க்காலில் இறங்கி, பக்கத்துக் காலிமனையையும் மூடிவிட்டது. தண்டின் கணுதோறும் வேர்விடும் அந்தச் செடியின் வெட்டுண்ட துண்டு ஈரமண்ணில் விழுந்தாலே மீண்டும் தழைத்துவிடும் என்பதால், நட்டதற்கு ஆன நாட்களைப் போலப் பல மடங்கு நாட்கள் அதைக் களைவதற்கு ஆயின.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட அதன் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் அதுவும் ஒன்று. இதே பேரினத்தைச் சேர்ந்த மஞ்சள் கரிசலாங்கண்ணியோ ஆசியாவுக்கு உரியது. அதுவும் தரையோடு படரும், அதன் பூவும் மஞ்சள்தான். அயல் இனத்தின் இலை பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகி நீண்டிருக்கும். விஷ்ணுகிராந்தியிலும் இதே குழப்பம் உண்டு. நீலப்பூவுக்காகத் தொட்டிகளில் விற்கப்படும் பெரிய பூச்செடி பெரும்பாலும் தென் அமெரிக்க இனம். வறண்ட திறந்தவெளியில் தானாக முளைக்கும் சின்னஞ்சிறு பூவுடைய விஷ்ணுகிராந்தி வேறு. ஆகவே, வழக்குப் பெயரை மட்டும் நம்பாமல், தாவரவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பெயரைச் சொல்லத் தெரியாத இடத்தில் நான் செடி வாங்குவதில்லை.

ஒரு செடி எங்கே நாட்டுச் செடியோ அங்கேதான் அது நாட்டுச் செடி. ஈரமுள்ள வெயிலில் பாய் விரித்தாற்போல் அடர்ந்து, தேனீக்களுக்கும் உணவளிக்கும் பொடுதலையை நான் விரும்பி நடுகிறேன். ஆனால் அதன் தென் அமெரிக்க உறவினமான ஃபைலா கேனசென்ஸ், அழகுச் செடியாக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, முரே-டார்லிங் ஆற்றுப் படுகையின் வெள்ளச் சமவெளிகளில் பெரும் களையாகிவிட்டது. தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

பெயர் தெளிவான பின்பு இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, மழை பெய்து மறுநாளும் நீர் தேங்குகிறதா, மண் மணலா களியா என்பவற்றை ஒரு பருவமாவது கவனித்துவிட்டு நடுவோர் ஏமாறுவதில்லை. அரைநிழலும் ஓயாத ஈரமும் உள்ள இடத்துக்கு வல்லாரை பொருந்தும். தண்ணீர் நிற்கும் ஓரங்களுக்கு நீர்ப்பிரமி. கடலோர மணலுக்கு அடப்பங்கொடி. வல்லாரையை உச்சி வெயிலில் நட்டுவிட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவதானால், புல்தரையை எடுத்ததில் மிச்சமாகும் நீர் ஏதுமில்லை. ஒரே செடியால் முழு இடத்தையும் மூடுவதைவிட, இரண்டு மூன்று இனங்களைக் கலந்து நடுவதே என் வழக்கம். நோயோ வறட்சியோ ஒன்றைத் தாக்கினாலும் மண் வெறுமையாகாது.

செடிக்குப் பதிலாக மண்ணை மூடப் பரப்பும் மரச்சீவல் மூடாக்கை நான் வெறுப்பவன் அல்லன். இளஞ்செடிகளுக்கு இடையே மெல்லிய மூடாக்கு ஈரத்தைக் காக்கும். அதையே நிலையான தரையாகக் கொள்ளும்போதுதான் சிக்கல்: அது மக்கிக் குறையக் குறைய மீண்டும் கொட்ட வேண்டும், மரத்தடியில் குவித்தால் பட்டை அழுகும். தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு அமைப்பவை. தடித்த மூடாக்கு அவற்றின் வழியை அடைத்துவிடுகிறது. அதனால் தோட்டத்தில் வெயில் படும் ஒரு மூலையையாவது வெறும் மண்ணாகவே விட்டுவைக்கிறேன்.

நடுவதற்கு முன் பழைய புல்லை முற்றிலும் எடுப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அருகம்புல்லின் தரையடித் தண்டு ஒரு விரல் நீளம் மிஞ்சினாலும் புதுச் செடிகளின் நடுவே எழுந்துவிடும். பின்னிப் பிணைந்தபின் அதைப் பிரித்தெடுக்க இயலாது. தோண்டி எடுத்து, தண்ணீர் விட்டு, மீண்டும் முளைப்பதைக் களைந்து, அதன்பின் நடுங்கள். கட்டங்களாக 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 11 நாற்றுகள் வேண்டும். 20 சென்டிமீட்டர் என்றால் 25. செலவுக்கு அஞ்சி இடைவெளியைக் கூட்டுவோர், மிச்சம் பிடித்ததைக் களையெடுக்கும் கூலியாகக் கொடுத்துவிடுகிறார்கள். பணம் குறைவு என்றால் இடத்தைச் சுருக்கி நெருக்கமாக நட்டு, வளர்ந்தபின் அதிலிருந்தே வேர்விட்ட துண்டுகளை எடுத்து அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகலாம். முதல் ஆண்டில் தண்ணீரும் களையெடுப்பும் புல்தரையைவிடக் குறைவாக இருக்கும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை.

மிதிபடுவதைப் பொறுத்தவரை புல்லுக்கு ஈடில்லை. அதன் வளர்முனை மண்ணை ஒட்டியே இருப்பதால் வெட்டினாலும் மிதித்தாலும் மீண்டுவிடும். படர்செடிகளில் பொடுதலை ஓரளவு தாங்கும், மற்றவை நசுங்கிவிடும். ஆகவே நடைபாதைக்குக் கற்களைப் பதிக்கிறேன். பிள்ளைகள் நாள்தோறும் பந்து விளையாடும் இடமாக இருந்தால், அந்தப் பகுதியில் புல்லையே விட்டுவிடச் சொல்கிறேன்.