கோட்டை கட்ட வந்தவர் போட்ட தண்ணீர்த் திட்டம்

வீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது பெரும்பாலும் போனில் சேமித்து வைத்த எலிவேஷன், அதாவது வீட்டின் முன்தோற்றப் படத்தைத்தான். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) எங்கே வரும், கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு கிடைக்குமா என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்பார்கள். தரை போட்ட பிறகுதான் அந்த அப்புறம் வரும். போட்ட தரையை உடைத்துத் தோண்டினால் செலவு இரட்டிப்பு.

அவர்களுக்கு நான் பிரான்செஸ்கோ லாபரெல்லியைப் பற்றிச் சொல்வது வழக்கம். 1521-ல் இத்தாலியின் கொர்டோனாவில் பிறந்த இவருக்குத் தொழில் கோட்டை கட்டுவது. போப்பிடம் வேலை பார்த்தார். ரோமில் புனித பேதுரு பேராலயப் பணியில் முதியவரான மைக்கேலாஞ்சலோவுக்கு உதவியாகவும் இருந்தார்.

1565-ல் துருக்கியரின் ஒட்டோமான் படை மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டாத் தீவை மே முதல் செப்டம்பர் வரை முற்றுகையிட்டது. தீவை ஆண்ட செயின்ட் ஜான் வீரத்துறவிகள் தாக்குப்பிடித்துவிட்டார்கள். ஆனால் ஒரு குன்றுத் தீபகற்பத்தின் நுனியில் இருந்த செயின்ட் எல்மோ கோட்டை ஏறக்குறைய ஒரு மாதத்தில் விழுந்தது. பின்னால் இருந்த மேட்டில் எதிரி பீரங்கிகளை ஏற்றி நிறுத்திவிட்டான். படை மறுபடியும் வரும் என்ற பயத்தில் துறவிகளின் தலைவர் லா வாலெட் உதவி கேட்க, போப் லாபரெல்லியை அனுப்பினார். டிசம்பர் கடைசியில் வந்து இறங்கியவர் ஜனவரி தொடக்கத்திலேயே அறிக்கை கொடுத்துவிட்டார். பழைய கோட்டைகளுக்கு ஒட்டுப் போடுவதைவிட அந்த மேட்டின் மேலேயே புது நகரம் எழுப்புங்கள் என்றார். 1566 மார்ச் 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதுதான் இன்றைய மால்ட்டாவின் தலைநகரான வாலெட்டா.

நிலப்பக்கம் பாறையை வெட்டி அகழி, அதன் பின்னால் அம்புமுனை வடிவக் கொத்தளங்கள். வட்டக் கோபுரம் என்றால் அதன் அடியில் குண்டு படாத ஒரு மூலை எதிரிக்குக் கிடைக்கும். அம்புமுனைக் கொத்தளத்தின் முகத்தைப் பக்கத்துக் கொத்தளத்திலிருந்தே சுட்டுக் காக்கலாம். இந்த வித்தை அன்றைய இத்தாலியக் கோட்டைப் பொறியாளர்களுக்குப் பொதுவானது.

சுவருக்கு உள்ளே இருப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மால்ட்டாவில் ஆறு கிடையாது. ஆண்டு மழை சுமார் 550 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் பெய்துவிடும். முற்றுகையோ கோடையில் வருவது. அதனால் தெருக்களைக் கட்டம் கட்டமாக நேராகப் போட்ட திட்டத்தில் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கினார்கள். வீரத்துறவிகள் அதைக் கட்டட விதியாகவே கொண்டுவந்தார்கள்: மனை வாங்குகிறவர் ஒவ்வொருவரும் வீட்டுக்கடியில் மழைநீர்த் தொட்டி வெட்ட வேண்டும், கழிவைப் பொதுச் சாக்கடையில் இணைக்க வேண்டும். அங்கே உள்ள சுண்ணாம்புக்கல் கைக்கருவிக்கே மசியும் அளவுக்கு மென்மையானது. தொட்டிக்காக வெட்டிய கல் வீட்டுச் சுவருக்கு ஆகிவிடும். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு பாருங்கள்! வெளியூர்த் தண்ணீர் கால்வாய் வழியாக 1615-ல்தான் நகருக்கு வந்தது. அதுவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொட்டிகளே பெரும் ஆதாரம்.

திட்டமிட்ட எல்லாமே நடந்துவிடவில்லை. மேட்டைச் சமப்படுத்தும் யோசனை பண நெருக்கடியாலும் அவசரத்தாலும் கைவிடப்பட்டது. வாலெட்டாவின் சில தெருக்கள் இன்றும் படிக்கட்டாக இறங்குவது அதனால்தான். கப்பல்களை உள்ளே நிறுத்துவதற்காக மந்தராஜ்ஜோ என்ற பள்ளத்தைத் தோண்டத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள். அந்தக் குழிக்குள் ஏழைகள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். காற்றோட்டமும் வடிகாலும் இல்லாமல் அது நகரத்தின் மிக மோசமான பகுதியாகி, இருபதாம் நூற்றாண்டில்தான் இடித்துச் சீரமைக்கப்பட்டது. மேலே விதிப்படி கட்டிய வீடுகள், கீழே விதிக்கு வெளியே வளர்ந்த குடியிருப்பு. ஒரே ஊரில் இந்த வித்தியாசம்.

நகரம் முழுமையடைந்ததை லாபரெல்லி பார்க்கவில்லை. 1570-ல் கிரீட் தீவின் காண்டியாவில் கொள்ளைநோய்க்குப் பலியானார். வயது 49. மிச்ச வேலையை அவருடைய உதவியாளரான மால்ட்டாக்காரர் ஜிரோலமோ கஸ்ஸார் எடுத்து நடத்தினார்.

சரி, இனி உங்கள் மனைக்கு வருவோம். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். மால்ட்டா அளவு மழைக்கே ஆண்டுக்கு 50,000 லிட்டரைத் தாண்டும். சிந்திச் சிதறுவதைக் கழித்தாலும் கணிசமாக மிஞ்சும். ஆகவே பொறியாளரிடம் எலிவேஷன் கேட்கும் முன் ஒரு தாளில் இவற்றைக் குறித்து வாங்குங்கள்: மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்கள், முதல் மழையின் அழுக்கை வெளியே தள்ளும் வால்வு, சம்ப்பின் கொள்ளளவு, நிரம்பி வழிவது போய்ச்சேரும் இடம். செப்டிக் டேங்க் சம்ப்பைவிடப் பள்ளமான பக்கத்தில், மனை அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளி இருக்கட்டும். தெருச் சாக்கடையின் மட்டத்தைக் கடைக்கால் தோண்டும் முன்பே மேஸ்திரியை வைத்து அளந்துவிடுங்கள். குளியலறைத் தரை அதைவிடத் தாழ்ந்துவிட்டால், மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வரும்.